நடக்கிறவளும் ஓட்டுகிறவனும்

பார்சிலோனா, 14 பிப்ரவரி 1994

அன்புள்ள நிக்காசியோ அண்ணாவுக்கு,

நான் மாட்ரிட்டுக்கு வந்துவிட்டுப் போன செய்தி வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். போன வாரம் மூன்று நாள் அங்கே இருந்தேன். வீட்டுக்கு வரவில்லை. பெத்ரா அண்ணி வருத்தப்படுவாள், அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடம் கேட்பதாக இல்லை.

வேலையாகத்தான் வந்தேன். இலையுதிர் காலத்தில் இங்கே என் பின்னால் நடந்து பார்சிலோனாவைப் பார்த்த வலென்சியாக்காரர்கள் சிலர், "நீங்க பொறந்த ஊரையும் நீங்களே காட்டுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கூட்டிவந்தேன். அதோச்சா ரயில் நிலையத்திலிருந்து அரண்மனை வரை சக்கரம் வைத்த எதிலும் அவர்களை ஏற்றவில்லை. லாவாபியெஸ் ஏற்றத்தில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி எங்களைப் பார்த்து, அன்றைக்கு எந்தக் கடையில் நத்தைக் குழம்பு கொதிக்கிறது என்று கைகாட்டிச் சொன்னாள். போய் நின்றபடியே சாப்பிட்டோம். ஊருக்குத் திரும்பியும் அவர்கள் அந்தக் குழம்பைப் பற்றித்தான் பேசுகிறார்களாம், அரண்மனையைப் பற்றி இல்லை. உன் பஸ் ஜன்னலுக்கு யாராவது மாடியிலிருந்து இப்படிச் சேதி சொல்வார்களா?

கிறிஸ்துமஸ் விருந்தில் நடந்ததை நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அதனால் நடந்தபடி எழுதிவைக்கிறேன். உன் மகளின் மாமனார் மாமியார் ஓவியேதோவிலிருந்து முதல் முறையாக மாட்ரிட் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஊரை எப்படிக் காட்டுவது என்று பேச்சு வந்தது. நீ ஓட்டுகிற வட்டப்பாதை பஸ்ஸில் ஒரு முழுச் சுற்று உட்காரவைத்தால் போதும், ஊரின் உருவம் புரிந்துவிடும் என்றாய். நான் நடக்கச் சொன்னேன். கால் வலித்தால்தான் ஊர் கண்ணுக்குத் தெரியுமா என்று நீ கேட்டாய். அதற்குப் பிறகுதான் நான் சொன்னேன்: "பஸ்ல ஊர் பாக்கறவன் மூட்டைண்ணா. ஏத்தறாங்க, எறக்கறாங்க. மூட்டை எந்த ஊரைப் பாத்துச்சு?"

சிரித்தது உன் சம்பந்தி. நீ இறால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது என்மேல் கோபப்பட்டு. சொன்ன சொல்லை நான் திரும்பப் பெறவில்லை.

உன் தங்கை,
ஒப்தூலியா


மாட்ரிட், 21 பிப்ரவரி

ஒப்தூலியாவுக்கு,

எனக்கு உன்னைப்போல எழுத வராது. ஆனால் கண் நன்றாகத் தெரியும்.

போன வியாழக்கிழமைக்கு முந்திய வியாழன், மதியம், அதோச்சா நிறுத்தம். பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஏறினாள். தலையில் துணி கட்டி, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சில்லறை கொடுத்தாள், டிக்கெட் கொடுத்தேன். முன்பின் தெரியாதவனிடம் சொல்வதுபோல நன்றி சொன்னாள். வலப்பக்கம் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தவள் முழுச் சுற்று முடியும்வரை எழுந்திருக்கவில்லை. சக்கரம் வைத்த எதிலும் ஏற்றவில்லை என்று வலென்சியாக்காரர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாய். உன்னைப் பற்றி எழுதவில்லை. கெட்டிக்காரிதான்.

ஓட்டுநருடன் பேசக்கூடாது என்று என் தலைக்குமேல் பலகை இருக்கிறது. நீயும் மதித்தாய், நானும் மதித்தேன். கூடப்பிறந்த இரண்டு பேர் சட்டத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள் என்று டிப்போவில் சொன்னால் எவனும் நம்ப மாட்டான்.

அந்தச் சுற்றை நான் எப்படி ஓட்டினேன் என்று கவனித்தாயா? பிரேக் போட்டது உனக்குத் தெரிந்திருக்காது. மானுவெல் பெசேரா ரவுண்டானாவில் ஒரு டாக்ஸிக்காரன் குறுக்கே பாய்ந்தான். வழக்கமாக அவன் அம்மாவின் நலத்தை விசாரித்திருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மோன்க்ளோவா பக்கம் வந்ததும் விளக்கு பச்சையான பிறகும் ஒரு நொடி தாமதித்தேன், தூரத்து மலையில் பனி இருந்தது, அது உன் கண்ணில் படட்டும் என்று. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். நீ பார்த்தாய். நீ பார்ப்பதை நான் கண்ணாடியில் பார்த்தேன். முப்பது வருஷத்தில் அவ்வளவு நல்ல சுற்று நான் ஓட்டியதில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. டிரைவர் பயணியின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பான். கால் உள்ளே வந்த பிறகுதான் கதவை மூட வேண்டும். உன் வலது கால் படியில் ஏறியது. இடது கால் ஏறவில்லை. கோட்டோடு சேர்த்துத் தொடையைப் பிடித்து, கையால் தூக்கி வைத்தாய்.

காலுக்கு என்ன?

நிக்காசியோ


பார்சிலோனா, 2 மார்ச்

அண்ணாவுக்கு,

ஏறினேன். அதற்கு என்ன இப்போது? மாட்ரிட்டில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் உன் தலைதான் தெரிய வேண்டும் என்றிருந்தால் நான் என்ன செய்வது? குளிராக இருந்தது, வந்த வண்டியில் ஏறினேன். காலுக்கு ஒன்றுமில்லை. புதுச் செருப்பு, கடித்தது.

நியாயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உயரத்தில் உட்கார்ந்தால் வீடுகளின் இரண்டாம் மாடி கண்ணுக்கு நேரே வருகிறது. நடக்கிறவள் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்க்க வேண்டியதை நீ சும்மா காட்டுகிறாய். அந்தப் பனியும் அழகாகத்தான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு டிப்போவில் தம்பட்டம் அடிக்காதே.

அதற்காக நடையை விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்க வேண்டாம். நேற்று எட்டுப் பேரை எங்கள் கிராசியா பேட்டையிலிருந்து கடல்வரை இறக்கிக் கூட்டிப்போனேன். வழியில் ஒரு முற்றத்துக் கதவு திறந்திருந்தது. உள்ளே குழந்தைகள் மனிதக் கோபுரம் கட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது அடுக்கில் நின்ற சிறுமிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. என் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் இறங்கிய பிறகு அவர்களில் ஒருவர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். கைக்குட்டை கொடுக்க நடந்து வந்தவனால்தான் முடியும். இந்தத் தொழிலில் எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இந்த நகரத்தில் என்னைப்போல் நடத்திக் கூட்டிப்போக இன்னொருத்தி இல்லை. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

மே மாதம் எங்கள் நடைச் சங்கத்தின் பெரிய நடை வருகிறது. கடற்கரையிலிருந்து மலையுச்சி வரை, வழக்கம்போல முன்னால் போவது நான்தான். காலில் கோளாறு இருப்பவள் இதற்கு ஒப்புக்கொள்வாளா?

ஒப்தூலியா


மாட்ரிட், 9 மார்ச்

ஒப்தூலியாவுக்கு,

செருப்பு கடித்தால் பாதம் வலிக்கும். தொடையை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

நீ பொய் சொல்லும்போது நிறைய எழுதுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடைசிக் கடிதம் நீளம்.

கைக்குட்டைக் கதை நன்றாக இருந்தது. நான் பெத்ராவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். "அவளுக்கு நடக்க முடியாமப் போச்சுன்னா அவ என்னங்க பண்ணுவா?" என்று கேட்டாள்.

நான் நடையைக் கேலி செய்வேன், சாகும்வரை செய்வேன். ஜப்பான்காரர் ஒருவர் மனைவியோடு என் பஸ்ஸில் மூன்று சுற்று சுற்றிவிட்டு, இறங்கும்போது தொப்பியைக் கழற்றி வணங்கிவிட்டுப் போனார். ஊரைப் பார்த்தவர் அவர். ஆனால் நீ நொண்டி நொண்டி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? நாற்காலியோடா? தோற்றால் நீ வாயால் தோற்க வேண்டும். காலால் தோற்றால் எனக்கு அது ஜெயிப்பு இல்லை.

டாக்டரிடம் போ.

நிக்காசியோ


பார்சிலோனா, 30 மார்ச்

அண்ணா,

போனேன். கேட்டால் சிரிப்பாய், சிரித்துக்கொள்.

எலும்பு மருத்துவரின் காத்திருப்புக் கூடம். வழக்கம்போல உள்ளே நுழைந்ததும் "யாரு கடைசி?" என்று கேட்டேன். மூலையில் இருந்த ஒரு கிழவர் கை தூக்கினார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின் ஒரு பெண் வந்து அதையே கேட்டாள், "நான்தான்" என்றேன். கிழவர் உள்ளே போனார். அடுத்தது நான். அந்தக் கதவைப் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம், எனக்கு அவசரம் இல்லை, நீங்கள் முதலில் போங்கள் என்றேன். மகராசி வாழ்த்திவிட்டுப் போனாள். அதற்குள் இன்னொருத்தி நுழைந்து "யாரு கடைசி?" என்றாள். மறுபடி "நான்தான்". அவளையும் முன்னால் விட்டேன். அப்புறம் கையில் கட்டுப் போட்ட ஒருவர். அப்புறம் ஒரு கன்னியாஸ்திரீ. யார் வந்து கேட்டாலும் நான்தான் கடைசி. கூடமே என்னைப் பார்த்து நெகிழ்ந்துபோயிற்று, இவ்வளவு நல்ல மனசு உண்டா என்று. கன்னியாஸ்திரீ எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். கடைசியில் டாக்டரம்மா கூடத்து விளக்கை அணைத்துவிட்டு வந்து, யாராவது மிச்சம் இருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இனி உன்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு வருஷமாக வலி. இடுப்பிலிருந்து முழங்கால் வரை. படி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். கூட்டத்துக்கு ஒரு கட்டடத்தைக் காட்டுகிற சாக்கில் நின்று நின்று ஓய்வெடுக்கிறேன். இந்த வருஷம் நான் விளக்கிச் சொன்ன கட்டடங்களின் எண்ணிக்கை மிக அதிகம். எல்லாரும் எனக்கு அறிவு கூடிவிட்டது என்கிறார்கள்.

அதோச்சாவில் வந்த வண்டியில் ஏறினேன் என்று எழுதியதும் பொய். அன்றைக்கு ஹோட்டலுக்கு நடந்து திரும்ப முடியவில்லை. உன் பாதை வண்டிகள் இரண்டு வந்தன, உன் முகம் இல்லை, விட்டுவிட்டேன். நிற்பது நடப்பதைவிட வலித்தது. இருந்தும் நின்றேன்.

டாக்டர் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கத்தி என்பாள். அதற்குப் பிறகு நடக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். இப்போது வலியோடாவது நடக்கிறேன் அண்ணா. அந்தக் கதவுக்குள் போனால் இதுவும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நடையை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? என் வீட்டுக்காரர் நார்சிஸ் செத்துப்போன பிறகு என்னை எழுப்பி நிறுத்தியது இந்த நடைதான்.

நீ வராதே. வந்தால் அழுதுவிடுவேன், அது நம் இருவருக்கும் அழகில்லை.

ஒப்தூலியா


மாட்ரிட், 5 ஏப்ரல்

ஒப்தூலியாவுக்கு,

இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை ரயில். சான்ட்ஸ் நிலையத்தில் இறங்கி மெட்ரோவில்தான் வருவேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.

பெத்ரா பன்றித் தொடை உப்புக்கண்டம் ஒன்று கொடுத்தனுப்புகிறாள்.

நிக்காசியோ


பார்சிலோனா, 17 ஏப்ரல்

அண்ணா,

நீ மாட்ரிட் போய் இந்தக் கதையை உனக்கு வசதியாகச் சொல்வாய். அதனால் நடந்தபடி நான் எழுதிவிடுகிறேன், அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டு.

வாசலிலேயே சண்டை. என் வீட்டுத் தெருமுனையில் பஸ் நிற்கும், அதில் போகலாம் என்றாய். கத்தியின்கீழ் படுக்கப் போகிறவள் கடைசியாக ஒருமுறை நடந்துதான் போவாள் என்று நான் சொன்னேன். நீ என்னையும் பார்த்தாய், உன் தொந்தியையும் பார்த்தாய். "சரி, நட" என்றாய்.

கால்மணி நேர வழி. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுத மாட்டேன். வழியில் பெஞ்சு வந்தபோதெல்லாம், உனக்கு மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்காரலாம் என்று சொன்னாய். முதல் பெஞ்சில் நான் நம்பினேன். இரண்டாவதில் நீ உட்கார்ந்ததும் முதலில் என் காலைப் பார்த்தாய், அப்போதுதான் புரிந்தது. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இந்த ஊர்ல நடக்கறதுக்கு இவ்ளோ பெஞ்சு போட்டிருக்கான், நடக்கறவனே இல்லையே" என்று சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்துக்காக உன்னை அங்கேயே கட்டிக்கொண்டிருப்பேன், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்திருந்தால்.

கூடத்தில் நான் "யாரு கடைசி?" என்று கேட்டேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் நான் உட்கார்ந்தேன். நீ வாசலிலேயே நின்றுகொண்டு, என்னையே பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாய்: "யாரு கடைசி?"

நான்தான் என்றேன்.

"அப்ப இனிமே நான் கடைசி" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

என் முறை வந்தது. நான் உன்னிடம், உனக்கு அவசரம் என்றால் நீ போ என்றேன். ஆமாம், அவ்வளவு தூரம் போனேன். நீ கூடத்தைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நான் முப்பது வருஷமா பஸ் ஓட்டறேன். எங்க வரிசையில யாரும் முந்தவும் மாட்டாங்க, பிந்தவும் மாட்டாங்க. உங்க முறை, எழுந்திருங்கம்மா." எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து போனேன்.

நீ உள்ளே வரவில்லை, அப்புறம் அவசரமாக ரயில் ஏறிவிட்டதால் உள்ளே நடந்ததை உன்னிடம் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். டாக்டரம்மா பெயர் ஃபிகேராஸ், மெலிந்த பெண், என்னைவிட வாய் அதிகம். இடுப்பு மூட்டு தேய்ந்துபோய்விட்டது, எடுத்துவிட்டு உலோக மூட்டு வைக்க வேண்டும் என்றாள். மறுபடி நடப்பேனா என்று கேட்டேன். நடக்காமல் உட்கார்ந்திருந்தால்தான் நான் திட்டுவேன் என்றாள். இன்னும் ஒரு வருஷம் இப்படியே இழுத்தால் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு, போன முறை கோட்டு மாட்டிக்கொண்டு ஓடியது நீங்கள்தானே என்று கேட்டாள்.

ஜூன் ஏழாம் தேதி. மே மாத நடைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். சங்கத்தில் எல்லாரையும் உட்காரவைத்துக் காரணத்தையும் சொன்னேன். யாரும் பரிதாபப்படவில்லை. அடுத்த மே மாதம் உங்கள் இடம் உங்களுக்கே என்றார்கள். நெஞ்சு நிமிர்ந்துதான் வீடு வந்தேன், கால்தான் இழுத்தது.

அண்ணி துணைக்கு வருவதாக எழுதியிருக்கிறாள். நீ வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளாம், நீ ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்கி விழுந்து டாக்டருக்கு இரட்டை வேலை வைப்பாயாம். அது உண்மை. நீ உன் பஸ்ஸை ஓட்டு.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன்.

ஒப்தூலியா


மாட்ரிட், 9 ஜூன்

ஒப்தூலியாவுக்கு,

நீ கண் விழித்துவிட்டாய், டாக்டரம்மாவோடு சண்டையும் பிடித்துவிட்டாய் என்று பெத்ரா சொன்னாள். அப்படியென்றால் இந்தக் கடிதத்தைப் படிக்கவும் தெம்பு இருக்கும். அவளிடம் காட்டாதே.

ஏழாம் தேதி நான் பஸ் ஓட்டவில்லை. அப்படிப்பட்ட மனசோடு ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது, பின்னால் ஜனங்கள் இருக்கிறார்கள். விடுப்புக் கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டில் உட்கார முடியவில்லை. காலையில் பலோமா மாதா கோயிலுக்குப் போனேன். மெழுகுவர்த்தி எல்லாரும் வைக்கிறார்கள். உன்னைப்போல ஒருத்திக்கு மெழுகுவர்த்தி போதாது என்று பட்டது. மாதாவிடம் சொன்னேன்: அவள் நடக்கட்டும். நான் என் வட்டப்பாதை முழுவதையும் இன்றைக்குக் காலால் சுற்றுகிறேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மாதாவிடம் பேச்சை மாற்ற முடியாது.

புவெர்த்தா தெ தொலேதோவிலிருந்து புறப்பட்டேன். அதோச்சா வருவதற்குள் சட்டை நனைந்தது. பஸ்ஸில் சமதளமாக இருக்கிற தெருவெல்லாம் காலுக்கு ஏற்றமாக இருக்கிறது, இதை ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை? ஒவ்வொரு நிறுத்தத்திலும் எனக்குத் தெரிந்த ஆட்கள் நின்றார்கள். முப்பது வருஷமாக என் வண்டியில் ஏறுகிறவர்கள். என்னைக் கீழே, தரையில் பார்த்ததும் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பெண்மணிக்கு மட்டும் தெரிந்தது. தினமும் மானுவெல் பெசேராவில் ஏறுவாள், ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. "என்னங்க, வண்டி எங்க?" என்றாள். தங்கைக்கு ஆபரேஷன் என்றேன். என் கூடவே அடுத்த நிறுத்தம்வரை நடந்து வந்து, அங்கே பஸ் பிடித்தாள். நீ சொல்கிற கைக்குட்டை எனக்கு அப்போது புரிந்தது. இதற்குமேல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குவாத்ரோ காமினோஸ் வரும்போது பகல் சாய்ந்துவிட்டது. கால் இரண்டும் என்னுடையதாக இல்லை. தொலைபேசிக் கூண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். பெத்ரா வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது, டாக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள் என்றாள். கூண்டுக்குள்ளேயே நின்று அழுதேன். வெளியே நின்றவன் கண்ணாடியைத் தட்டும்வரை அழுதேன்.

வெளியே வந்தால், எதிரே என் பாதை பஸ் வந்து நின்றது. ஓட்டியது வெந்தூரா, என் டிப்போக்காரன். கதவைத் திறந்து, "நிக்காசியோ, என்னப்பா கோலம் இது? ஏறு" என்றான். இருக்கைகள் காலியாக இருந்தன. நல்ல சேதி வந்துவிட்டது. பாதி வட்டம் இன்னும் இருந்தது. மாதாகூட ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

நான் படியில் ஒரு காலை வைத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

"நீ போ வெந்தூரா. என் தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போறேன். பாதி வழியில யாரையும் நான் எறக்கிவிட்டதில்ல."

அவன் என் பக்கத்தில் யாரையும் காணாமல் தலையைச் சொறிந்துகொண்டு கதவை மூடினான். நான் நடந்தேன்.

நிக்காசியோ